வசனம் நின்றபோது: சேலத்தில் ஒரு வீட்டுத் திரையிடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடி அறையில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடிப் படமோ தொடரோ பார்ப்பது வழக்கம். டிக்கெட் கிடையாது, சங்கம் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். புரொஜெக்டரும் ஸ்பீக்கர்களும் அவருடையவை. வழக்கமாக வருபவர்களில் அவருடைய பட்டறை ஆட்கள் இரண்டு மூன்று பேர், பொறியியல் மாணவர்கள் சிலர், ஒரு கல்லூரி விரிவுரையாளர், தியேட்டரில் பல வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஆகியோர் உண்டு. நான் அங்கே குறிப்பெடுப்பவன். யார் எந்த இடத்தில் சிரித்தார்கள், யார் எழுந்து போனார்கள், அப்புறம் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை.

மாணவர்கள் கேட்டதால் 'லீஜியன்' தொடரின் முதல் பருவத்தை வாரம் ஓர் அத்தியாயமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்வெல் காமிக்ஸில் கிறிஸ் கிளேர்மான்ட்டும் பில் சின்கெவிச்சும் 1985இல் உருவாக்கிய டேவிட் ஹாலர்தான் இதன் நாயகன். காமிக்ஸ் கதைப்படி எக்ஸ்மென் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் தலைவர் சேவியரின் மகன். நோவா ஹாலி அதைத் தொடராக்கினார். எஃப்எக்ஸ் சேனலில் 2017 முதல் 2019 வரை மூன்று பருவங்களாக 27 அத்தியாயங்கள் வந்தன. முதல் பருவத்துக்கு 8. சூப்பர் ஹீரோ தொடர் என்றாலும் உடைமாட்டிப் பறக்கும் ஆள் யாரும் இதில் இல்லை. மனச்சிதைவு என்று மருத்துவர்கள் சொன்ன ஒருவனுக்கு உண்மையில் அபாரமான மனசக்தி இருக்கிறது. அவன் குழந்தையாக இருந்தபோதே இன்னொரு மனம் ஒட்டுண்ணியாக உள்ளே புகுந்து கூடவே வளர்ந்திருக்கிறது. இதுதான் கதை.

எல்லாருக்கும் ஆங்கிலம் ஓடாது. அதனால் ஒவ்வொரு வாரமும் விரிவுரையாளர் அந்த அத்தியாயத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டு, அதுவரை நடந்த கதையைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, படம் தொடங்குமுன் வாசிப்பார். அந்த ஒரு பக்கத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதுதான் இந்த ஆய்வில் பிறகு பெரிய விஷயமானது.

ஏழாம் அத்தியாயம்

2017 மார்ச்சில் ஒளிபரப்பான இந்த ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு காட்சிகள் காட்சியமைப்புக்காகவே பேசப்படுபவை.

முதலாவது, சவப்பெட்டி போன்ற ஓர் இடத்தில் மனதுக்குள் அடைபட்ட டேவிட், தன்னுடைய இன்னொரு உருவத்தோடு பேசுவது. அந்த இன்னொரு டேவிட் பிரிட்டிஷ் உச்சரிப்பில், நிதானமாக, வாத்தியார் மாதிரி பேசுகிறான். நடித்த டான் ஸ்டீவன்ஸ் உண்மையிலேயே இங்கிலாந்துக்காரர் என்பதால் அது அவருடைய சொந்த உச்சரிப்புக்கு நெருக்கமானது. வகுப்பறை ஒன்று தோன்றுகிறது. கரும்பலகையில் வரைந்த சாக்பீஸ் கோடுகள் எழுந்து அசைய, அவனுடைய பிறப்பின் கதை ஓவியமாக ஓடுகிறது.

இரண்டாவது, துரத்தல். டேவிட்டின் நண்பர்கள், வில்லனாகிய அந்த ஒட்டுண்ணி மனம் கட்டிவைத்த ஒரு கற்பனை மனநல மருத்துவமனையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உடல்கள் இருப்பது வேறிடம்: டேவிட்டின் பழைய வீட்டு அறை. அங்கே நேரம் உறைந்து நிற்கிறது, துப்பாக்கிக் குண்டுகள் காற்றில் அவர்களை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. மருத்துவமனைக் காட்சி நடுவில் கறுப்பு வெள்ளையாகி, பேச்சொலி நின்று, பேசும்படக் காலத்துக்கு முந்தைய படங்களைப் போல எழுத்து அட்டைகள் வரத் தொடங்குகின்றன. பின்னணியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928இல் எழுதிய 'பொலேரோ'. அதைத் தொடரின் இசையமைப்பாளர் ஜெஃப் ரூசோ மின்னணுக் கருவிகளில் மாற்றி அமைத்திருக்கிறார். அந்த ஒட்டுண்ணி மனத்தின் பெண் உருவமாக நடிக்கும் ஆப்ரி பிளாசா வெளுத்த முகமும் கலைந்த தலையுமாக வேட்டையாடுகிறார்.

விரிவுரையாளருக்கு இது தெரியும். காட்சியின் வடிவத்தைப் பற்றித் தன் பக்கத்தில் ஒரு வரியும் எழுத வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். முன்னமே சொன்னால் அதன் வியப்பு போய்விடும், பார்க்கிறவர்கள் "இப்ப வரும், இப்ப வரும்" என்று காத்திருப்பார்கள் என்பது காரணம். வீட்டுக்காரரும் நானும் ஒத்துக்கொண்டோம். அப்போதைய நிலைமைக்கு அது சரியான காரணமாகத்தான் இருந்தது.

அன்று கூடியவர்கள்

ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்ததால் ஊரே உறவினர்களால் நிரம்பியிருந்தது. வீட்டுக்காரர் வீட்டிலும் விருந்தாளிகள். அவர்களில் ஏழெட்டுப் பேர், "என்ன படம் போடறீங்க, நாங்களும் பாக்கறோம்" என்று மேலே வந்துவிட்டார்கள். முந்தைய ஆறு அத்தியாயங்களை அவர்கள் பார்த்ததில்லை. வராதீர்கள் என்று விருந்தாளியிடம் சொல்லவா முடியும்? தமிழ்ப் பக்கத்தை விரிவுரையாளர் வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். அதோடு சரி.

உட்கார்ந்த முறையையும் சொல்ல வேண்டும். வழக்கமானவர்கள் திரைக்கு இடப்பக்கம், ஸ்பீக்கர் அருகில். விருந்தாளிகள் வலப்பக்கம் சன்னல் ஓரம், பாய் விரித்து. சன்னலுக்கு வெளியே தெருமுனையில் மைக் செட்டில் அம்மன் பாட்டு.

இரட்டை டேவிட்

மாணவர்கள் பயந்தது கரும்பலகைக் காட்சியைப் பற்றித்தான். ஒருவனே இரண்டாகி, அவனுக்குள் அவனே பாடம் நடத்தி, ஓவியம் உயிர்பெற்று... பெரியவர்களுக்கு இது தலைசுற்றும் என்று நினைத்தார்கள்.

நடந்தது நேர்மாறு. பெரியவர்கள் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. "ரெட்டை வேஷம். இவன் மனசாட்சி அவன்" என்று ஒரு விருந்தாளி பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண்ணாடிக்குள் இருந்தோ திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தோ மனசாட்சி வெளியே வந்து நாயகனைக் கேள்வி கேட்பது தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்குப் பழகிய சங்கதி. ஏற்காடு சாலையில் இன்றும் முகப்பு வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் வைத்து 'உத்தம புத்திரன்' எடுத்தது 1940இல். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவுக்கு நாலு கிலோமீட்டர் சுற்றளவில் வளர்ந்தவர்களுக்கு ஒரே சட்டத்துக்குள் ஒரே ஆள் இருமுறை நிற்பது புதிய மொழி ஆகுமா?

உண்மையில் இங்கே நெளிந்தவர்கள் மாணவர்கள். அப்பா யார் என்ற ரகசியத்தை இப்படிப் படம் போட்டு விளக்குவது "ஸ்பூன் ஃபீடிங்" என்று ஒருவர் பின்னர் எழுதிக் கொடுத்தார்.

படம் நின்றது

துரத்தல் தொடங்கி, கறுப்பு வெள்ளையாகி, உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. சன்னல் பக்கத்திலிருந்து "சவுண்டு!" என்று ஒரு குரல். உடனே இன்னொன்று. ஒருவர் விசிலே அடித்தார். தியேட்டரில் பழகிய வாய், வேறென்ன செய்யும்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் படத்தை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் போனார். இந்த இடத்தை வெறும் அவசரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் வைத்திருப்பது 5.1 ஒலி அமைப்பு. அதில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும், இசையும் சத்தங்களும் இடம் வலமாகப் பிரியும். நடு ஸ்பீக்கரின் வயர் கழன்றால் இசை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் மட்டும் அசையும். சில வாரங்களுக்கு முன் அதே வயர் கழன்று அதே கோளாறு வந்திருந்தது. கறுப்பு வெள்ளையானதை மட்டும் அந்தச் சந்தேகத்தால் விளக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய அத்தியாயங்களிலும் நிறங்கள் இஷ்டத்துக்கு மாறிக்கொண்டிருந்ததால் அதை யாரும் கோளாறாகவோ அடையாளமாகவோ எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னால் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் "நிறுத்தாதீங்க, அது அப்படித்தான்" என்றார். மைக் செட்டிலும் விசிலிலும் அது முன்வரிசைக்கு எட்டவில்லை.

தீர்த்து வைத்தவர் ஓய்வுபெற்ற ஆபரேட்டர். அவருடைய காலத்தில் ஒலி, ஃபிலிமின் ஓரத்தில் கோடாக இருக்கும். எக்ஸைட்டர் லேம்ப் என்ற சின்ன பல்பின் வெளிச்சம் அந்தக் கோட்டின் வழியாகப் போய்த்தான் ஒலியாக மாறும். அந்த பல்பு போனால் பேச்சு, பாட்டு எல்லாம் சேர்ந்தே போகும். "பல்பு போனா மொத்தமா ஊமையாயிடுமுங்க, இங்க மியூசிக் வருது" என்று தொடங்கினார். நடு ஸ்பீக்கர் விஷயத்தை மாணவர் சொன்னதும் ஒத்துக்கொண்டார். அப்புறம் சொன்னதுதான் முக்கியம்: "அது சரி தம்பி, வாய் அசைஞ்ச பின்னாடி எழுத்து அட்டை ஒண்ணு வந்துச்சே, பாத்தியா? அட்டை போட்டவன் சவுண்டைத் தெரிஞ்சேதான் எடுத்திருக்கான்."

ஓட விடுவது எங்கிருந்து?

நிறுத்திய இடத்திலிருந்தே தொடரலாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். நேரமாகிறது, இரவு பூமிதி பார்க்கக் கிளம்ப வேண்டும் என்று விருந்தாளிகளுக்கு அவசரம். வீட்டுக்காரர் காட்சியின் தொடக்கத்துக்கே திரும்பப் போகச் சொன்னார். தவில் கற்றவர் அவர். 'பொலேரோ'வில் ஒரே தாளக்கட்டு முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் வருகிறது, ஒலி மட்டும் படிப்படியாக ஏறுகிறது. நடுவில் வெட்டினால் ஏற்றம் போய்விடும் என்பது அவர் வாதம். விரிவுரையாளரும் அதையே சொன்னார், வேறு காரணத்துக்காக: முதல் தடவை எல்லாரும் அந்தக் காட்சியைக் கோளாறாகப் பார்த்தார்கள், காட்சியாக ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

திரும்பப் போனோம். சன்னலையும் சாத்தினார்கள்.

அட்டைகளைப் படித்த குரல்

இனி நடந்ததுதான் இந்த ஆய்வை எழுத வைத்தது.

அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்தன. மற்ற அத்தியாயங்களில் பேச்சு புரியாவிட்டாலும் குரலின் ஏற்ற இறக்கம் புரியும்: கோபமா, கெஞ்சலா, கிண்டலா என்று தெரிந்துவிடும். இங்கே அதுவும் இல்லை. சன்னல் ஓரத்தில் ஒரு பாட்டி தன் பேத்தியின் கையைத் தட்டி "என்னன்னு போட்டிருக்கான்?" என்றார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் படித்து, "அம்மாயி, ஓடச் சொல்றான்" என்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லத் தொடங்கினாள். முதலில் காதுக்குள். பக்கத்தில் இருந்தவர்கள் "சத்தமாச் சொல்லு கண்ணு" என்றார்கள். சத்தமாகச் சொன்னாள். சீக்கிரத்தில் அவள் குரலே மாறிவிட்டது. வில்லியின் அட்டைக்கு ஒரு குரல், மற்றவர்களுக்கு ஒரு குரல்.

இடப்பக்கத்திலிருந்து "ஷ்ஷ்" என்றார் ஒரு மாணவர். மௌனமாகப் பார்க்கத்தானே எடுத்திருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். இதற்கு வாதம் செய்ய நேரமில்லை. வீட்டுக்காரர் கையைக் காட்டி, படிக்கட்டும் என்றார். விருந்தாளிகள் என்பதால் அல்ல, அவர்கள் முதல் முறையாகத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்ததைக் கவனித்ததால் என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

அதனால் ஒரே அறையில் ஒரே காட்சி இரண்டு விதமாக ஓடியது. வலப்பக்கம் கதை கேட்டபடி பார்த்தது. வில்லி நடைபாதையில் வந்தபோது அங்கே ஒருவர் "இவ கண்ணை உருட்டறதப் பாரு, நம்பியாரு கெட்டாரு" என்றார், நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு கொடூரமான இடத்தில் பாட்டி "ஐயோ" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இடப்பக்கம் சத்தமே இல்லை. அது ரசனையின் அமைதியா, எரிச்சலின் அமைதியா என்று அந்த நேரத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டருக்கு இது புதிதில்லை. பேசாத படக் காலத்தில் டென்ட் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்வார் என்று தன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். அது பதிவான வரலாறும்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிய காலம் முதல், எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் இப்படி ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தப் பெண் யாரும் சொல்லித்தராமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டுகளில் வந்தவை

முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். பிடித்ததா என்று கேட்பதில்லை. அதற்கு மரியாதைக்குப் பதில் வரும். "எந்த இடத்தில் கவனம் விட்டது?" என்று மட்டும் கேட்போம். எழுத வராதவர்கள் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன்.

வாய்ப்பேச்சில் குறை சொன்னவர்கள் எல்லாரும் குறை சொன்னது பேச்சில்லாத காட்சியைத்தான். "நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, நடுவுல எதுக்கு இந்த வேலை?" என்பது பொதுவான தொனி. சீட்டுகளைப் பிரித்தால் வேறு படம் கிடைத்தது. அவர்களில் பாதிக்கு மேல் கவனம் விட்ட இடமாகச் சொன்னது அதற்கு முந்தைய பகுதியை: குண்டுகள் காற்றில் நிற்கும் அறையும் மருத்துவமனையும் மாறி மாறி வரும் இடம். மருத்துவமனையில் ஓடுபவர்களும் அறையில் சிலையாக நிற்பவர்களும் ஒரே ஆட்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒருவர் "அந்த ரூம்ல இருக்கறவங்க செத்துட்டாங்களா?" என்றே கேட்டிருந்தார். யாருக்கு என்ன ஆபத்து என்ற பிடி ஏற்கெனவே கழன்றிருந்தது. பேச்சும் நின்றதும், புரியாமைக்கெல்லாம் அந்தக் காட்சியே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

நேர்மாறாக, பிடி விடாதவர்களில் பெரும்பாலோர் வடிவத்தைக் குறையாகவே பேசவில்லை. பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், ஆறு அத்தியாயங்களையும் பார்த்தவர், எழுதியது: "ஐந்தாவதில் வீட்டுக்குள் போனபோதும் சத்தம் போச்சு. அதனால் இதுவும் அவன் வேலை என்று தெரிந்தது." ஆங்கிலத்தில் அவர் மாணவர்கள் அளவுக்குத் தேர்ந்தவர் இல்லை. ஆனால் தொடர் தன் பார்வையாளரை எதற்குப் பழக்கியது என்பதைச் சரியாகப் பிடித்தவர் அவர்தான். விரிவுரையாளர் உட்பட வேறு யாரும் ஐந்தாம் அத்தியாயத்தை நினைவுகூரவில்லை.

விருந்தாளிகளின் சீட்டுகள் வினோதமானவை. முழுக்கதை அவர்களுக்குத் தெரியாது, ஆனால் கவனம் விடாத இடமாகப் பேச்சில்லாத காட்சியையே பலர் சொன்னார்கள். பேத்தியின் குரல் அவர்களுக்குக் குறைந்தபட்சப் பிடியைக் கொடுத்துவிட்டது: துரத்துபவள் யார், ஓடுபவர் யார். ஒரு துரத்தலுக்கு அது போதும்.

இன்னொரு வகைக் குறையும் உண்டு, அதைத் தள்ளிவிடக் கூடாது. "எல்லாம் புரிந்தது. எடுத்தவர் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறார், எனக்கு அது அலுப்பு" என்று ஒரு மாணவர் தெளிவாக எழுதியிருந்தார். புதுமையான காட்சியமைப்பை யாராவது குறை சொன்னால் அவருக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டும் பழக்கம் நம் ரசிகர்களிடம் நிறைய இருக்கிறது. இவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. என் கருத்து வேறு. பேச்சை எடுத்துவிட்டதால்தான் பிளாசாவின் கையும் கழுத்தும் கண்ணும் அவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தன. அதே துரத்தலை வசனத்தோடு எடுத்திருந்தால் ஆயிரத்தில் ஒன்றாகப் போயிருக்கும். அவர் இதை ஏற்கவில்லை, ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை.

மறுபடி போட்டது

வழக்கமானவர்கள் சிலர் அடுத்த வாரம் எட்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் இதை இன்னொரு முறை பார்க்கக் கேட்டார்கள். இம்முறை விரிவுரையாளர் தன் பக்கத்தை மாற்றி எழுதினார். வடிவத்தைப் பற்றி இப்போதும் ஒரு வரியும் இல்லை. அதற்குப் பதிலாக, எல்லாருடைய உடலும் எந்த அறையில் இருக்கிறது, குண்டு யாரை நோக்கி வருகிறது, மருத்துவமனை யார் கட்டிய கற்பனை என்ற மூன்றை மட்டும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் வாரம் முணுமுணுத்தவர்களில் பலர் இம்முறை காட்சியோடு போனார்கள். இதிலிருந்து அவருடைய விளக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் முறை பார்ப்பதே ஒரு விளக்கம்தான், சன்னலும் முதலிலிருந்தே சாத்தியிருந்தது, மைக் செட்டும் ஓய்ந்திருந்தது. அறையும் மருத்துவமனையும் மாறி மாறி வரும் இடத்தில் யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிக் கேட்கவில்லை என்பதை மட்டும் நான் உறுதியாகக் குறித்திருக்கிறேன். சாமர்த்தியம் என்று எழுதிய மாணவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அட்டைகளை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. இரண்டு பேர் அது இல்லாதது குறை என்றார்கள், அவர்களில் ஒருவர் முந்தைய வாரம் "ஷ்ஷ்" சொன்னவர்.

மாற்றப்போவது

முன்கதைப் பக்கத்தில் வடிவத்தை மறைப்பது தொடரும். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு என்ன ஆபத்து என்பது மட்டும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படும், அதனால் ஒரு திருப்பம் கெட்டாலும் பரவாயில்லை. திரையில் எழுத்து வரும் படங்களுக்கு அதன் தமிழை முன்பே எழுதி வைத்து, சன்னல் பக்கம் உட்காரும் ஒருவர் தாழ்ந்த குரலில் படிப்பார். அந்தக் குரல் வேண்டாம் என்பவர்களுக்கு இடப்பக்கம். கருவிகளைப் பார்க்கும் மாணவர், தொடங்குமுன் நடு ஸ்பீக்கரில் பேச்சு வருகிறதா என்று எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டுவார், நடுவில் சந்தேகம் வந்தால் முன்கூட்டிப் பார்த்தவரின் கை உயர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவார். விரிவுரையாளர் இனி முன்வரிசையில் உட்கார்வார்.

விருந்தாளிகள் திடீரென்று வரும் நாளில் தொடரின் நடு அத்தியாயத்தைப் போடுவதா, தள்ளிவைப்பதா என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை. வழக்கமானவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்கிறார்கள் மாணவர்கள். வீட்டுக்காரர் அந்தப் பேத்தி அடுத்த ஆடிக்கு வருவாளா என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறார்.